ஒன்பதாம் நம்பர் சட்டை: சென்னையின் எஃப்சி கால்பந்து கிளப் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உரிமையாளர்கள் அபிஷேக் பச்சன், விட்டா தானி, தோனி மூவருக்கும், வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், கோச்சுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எனக்கு வீடு பெரம்பூரில். 2014-இல் கிளப் தொடங்கிய வருடத்தில் இருந்து ஆட்டம் பார்க்க வருகிறேன். ரயிலில் மூர் மார்க்கெட்டில் இறங்கி, ரிப்பன் மாளிகைப் பக்கமாக நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து வரும்போது எங்கள் கூட்டத்தில் ஒரே பேச்சுதான்: இன்னைக்கு யார் கோல் அடிப்பான்? முன்பெல்லாம் அதற்குப் பதில் சட்டென்று வரும். எலானோ என்பான் ஒருவன், மென்டோசா என்பான் இன்னொருவன், ஜேஜே என்று ஒரு வருடம், வால்ஸ்கிஸ் என்று ஒரு வருடம். சில சீசன்களாக அந்தக் கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு "பார்ப்போம்" என்கிறார்கள். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஒவ்வொரு சீசன் முடிந்ததும் ரசிகர்களுக்குள் ஒரு சண்டை வரும். சம்பளம் அதிகம் கேட்கிற, 33, 34 வயதான, நாலு நாட்டில் ஆடிப் பழகிய ஸ்ட்ரைக்கர் ஒருவரை, அதாவது ஒன்பதாம் நம்பர் சட்டையில் முன்னால் நின்று கோல் அடிக்கிறவரை, எடுக்க வேண்டுமா, இல்லை அந்தக் காசில் இளம் வீரர்கள் இரண்டு மூன்று பேரை எடுத்து வளர்க்க வேண்டுமா என்று. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுங்கள். வயதைப் பார்த்துத் தயங்காதீர்கள், சம்பளத்தைப் பார்த்தும் தயங்காதீர்கள். ஆனால் ஒரே ஒரு சீசனுக்காக மட்டும் எடுக்காதீர்கள். அப்படி எடுப்பதாக இருந்தால் அந்தப் பணத்தைக் கிளப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாம் இரண்டு முறை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றோம், இரண்டு முறையும் விலை கூடிய வயதான ஸ்ட்ரைக்கர் வென்று தரவில்லை. 2015-இல் 13 கோல் அடித்து, சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கிய ஸ்டிவன் மென்டோசாவுக்கு அப்போது வயது 23. வெள்ளத்தில் ஊரே மூழ்கியிருந்த டிசம்பர் அது. அரையிறுதியை நம் ஊரில் ஆட முடியாமல் புனேயில் ஆடினோம், அங்கே கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தோம். கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 2-1 என்று பின்தங்கி, இனி அவ்வளவுதான் என்று டிவியை அணைக்கக் கை போன நேரத்தில் எதிர் கோல்கீப்பரின் சொந்த கோலில் சமனாகி, அப்புறம் மென்டோசா அடித்த கோலில் கோப்பை வந்தது. வீட்டில் கரண்ட் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சுவரில் தண்ணீர் நின்ற கறை கூடப் போகவில்லை. அந்தக் கோலுக்கு எங்கள் தெருவே வெளியே வந்து கத்தியது.

2018-இல் பெங்களூரை அவர்கள் ஊர் ஸ்ரீகண்டீரவா ஸ்டேடியத்திலேயே 3-2 என்று வென்றோமே, அதில் இரண்டு கோல் மைல்சன் ஆல்வெஸ். அவர் டிஃபெண்டர். இன்னொரு கோல் ரஃபேல் அகுஸ்டோ, அவர் மிட்ஃபீல்டர். அந்த சீசன் முழுக்க நமக்காக அதிக கோல் அடித்தது மிசோரத்துக்காரர் ஜேஜே லால்பெக்லுவா, 9 கோல். அப்படியானால் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரே எதற்கு என்று கேட்கலாம்.

அடுத்த வருடம் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-19-இல் ஜேஜேவுக்குக் கோல் வறண்டது. அவருக்குப் பதில் அந்த இடத்தில் நின்று அடிக்க யாரும் இல்லை. சாம்பியன் அணி 18 ஆட்டத்தில் வெறும் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. ஒரே மனிதரின் காலை நம்பி ஒரு கிளப் நின்றது, அந்தக் கால் சோர்ந்ததும் கிளப் உட்கார்ந்துவிட்டது. அதே 2018-19-இல் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் பட்டத்தையே வென்றது. பெத்ரோ மான்சி என்று இங்கே யாரும் கேள்விப்படாத ஒருவரை ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்கில் இருந்து கூட்டி வந்தார்கள். 21 கோல் அடித்தார். பெரிய பெயரும் இல்லை, பெரிய விலையும் இல்லை. அந்த மாதிரி ஆளைக் கண்டுபிடிக்கிற கண் உங்களிடம் இருந்தால் தாராளமாக அந்த வழியிலேயே போங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்தக் கண் எல்லா வருடமும் பலிக்காது. மென்டோசா மாதிரி, மான்சி மாதிரி ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒன்பதாம் நம்பர் சட்டையை ஒவ்வொரு வருடமும் யாருக்காவது மாட்டிக்கொண்டே இருக்க முடியாது.

இனி வால்ஸ்கிஸ் கதைக்கு வருகிறேன். நான் சொல்ல நினைப்பதில் பாதி அவரிடம்தான் இருக்கிறது.

நெரியுஸ் வால்ஸ்கிஸ் 2019-இல் இங்கே வந்தபோது அவருக்கு 32 வயது. லிதுவேனியாக்காரர். சீசனின் முதல் நாலு ஆட்டத்தில் நாம் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. அவர் மட்டும் இல்லை, அணியிலேயே யாரும் அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் நம் ஊரில், ஹைதராபாத்தோடு. நவம்பர் 25. கூட்டம் குறைவு. 90 நிமிடமும் முடிந்து 0-0. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கடைசி ரயில் போய்விடும் என்று எழுந்து படியில் இறங்கத் தொடங்கிவிட்டார். அப்போது ஆந்த்ரே ஷெம்ப்ரி அடித்தார், சீசனின் முதல் கோல். படியில் நின்றவர் திரும்பி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார், எனக்கு அவர் பெயர் கூடத் தெரியாது. மூச்சு விடுவதற்குள் ஹைதராபாத் திருப்பி அடித்தது. அவர் தலையில் கை வைத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கும் அப்புறம், விசில் ஊதப் போகிற நேரத்தில், வால்ஸ்கிஸ். ஆட்டத்தின் மூன்று கோலும் 90 நிமிடத்துக்குப் பிறகு. அந்த மனிதர் கடைசி ரயிலைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அந்தக் கோலை இன்னும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். ஒரு மணி நேரமாக ஒன்றும் நடக்காத ஆட்டம், கால் கனத்துப்போன நேரம், எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர் மட்டும் பந்து எங்கே வரும் என்று பார்த்து அங்கே போய் நிற்கிறார். அனுபவம் என்று நாம் காசு கொடுப்பது இதற்குத்தான். ஓட்டத்துக்கு இல்லை. நாலு ஆட்டம் கோல் இல்லாமல் போனாலும் ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மனம் கலங்காமல் சரியான இடத்தில் நிற்கத் தெரிவதற்கு. 22 வயதுப் பையனுக்கு அந்த நாலு ஆட்டம் போதும், தன்னம்பிக்கை போய், எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸுக்கு வெளியே வந்து பந்து கேட்க ஆரம்பித்துவிடுவான்.

அந்த சீசனில் வால்ஸ்கிஸ் மொத்தம் 15 கோல் அடித்தார். கோச் ஜான் கிரெகரி போய் ஓவன் கோயில் வந்தார், புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணி இறுதி ஆட்டம் வரை போனது. கொரோனா பயத்தில் ரசிகர்களே இல்லாத காலி ஸ்டேடியத்தில் நடந்த அந்த இறுதியில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம், அதில் நம் ஒரே கோலும் அவருடையது.

அடுத்த சீசனில் அவர் நம்மோடு இல்லை. ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். கோச் கோயிலும் அங்கேதான் போனார், ஒரு வருடம் கழித்து 2021-22-இல் அந்த அணிக்குப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து லீக் ஷீல்டையும் வாங்கித் தந்தார். 2022-23-இல் நமக்கு 8 கோல் அடித்த பீட்டர் ஸ்லிஸ்கோவிச் அடுத்த வருடம் எங்கே? ஜம்ஷெட்பூர். 2023-24-இல் இங்கே ஆடிய ஜோர்டான் மர்ரே அடுத்த வருடம் எங்கே? அதுவும் ஜம்ஷெட்பூர்தான். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாம் ஒரு வருடம் சம்பளம் கொடுத்து, நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழக்கி, இந்த லீக்கின் டிஃபெண்டர்கள் எப்படி ஆடுவார்கள், ரெஃப்ரி எதற்கு விசில் ஊதுவார் என்று எல்லாம் தெரிந்துகொள்ள வைத்து அனுப்புகிறோம், அவர்கள் தயாரான ஆளை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

ஒரு வருட ஒப்பந்தத்தின் கஷ்டம் இதுதான். முதல் வருடத்தில் பாதி பழகுவதிலேயே போகும். முதல் ஆட்டத்தில் இருந்தே ஒரு ஸ்ட்ரைக்கர் அடிக்க வேண்டும் என்றால் அவரும் ஓரத்தில் ஓடுகிற விங்கர்களும் ஒருவரை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அறிந்திருக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். நாமோ ஒவ்வொரு ஜூலையிலும் பூஜ்யத்தில் இருந்து தொடங்குகிறோம். 2020-21-இல் யாகுப் சில்வெஸ்டர், இஸ்மா. 2021-22-இல் கிக்கியெவிச். 2022-23-இல் ஸ்லிஸ்கோவிச், கரிகரி. 2023-24-இல் மர்ரே. 2024-25-இல் வில்மார் ஜோர்டான் கில். கோச்சும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் மாறினார்: லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச், அப்புறம் திரும்பவும் கோயில். இந்தப் பெயர்களை வரிசையாக எழுதும்போதே எனக்கு மனம் சோர்ந்துபோகிறது. இவர்களில் யாரையும் மோசமான ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் இரண்டாவது வருடம் கிடைக்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தநாளுக்கு நீலச் சட்டை வேண்டும் என்றான், வாங்கப் போனோம். 9 போதும் என்றான். பின்னால் யார் பெயர் அச்சடிக்கட்டும் என்று கடைக்காரர் கேட்டார். பையன் வெகு நேரம் யோசித்தான். கடைசியில் "என் பேரே போடுங்க அண்ணா, அவங்க எல்லாம் அடுத்த வருஷம் இருக்க மாட்டாங்க" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

அடுத்து, ஸ்ட்ரைக்கருக்குப் பந்து யார் கொடுப்பது என்ற விஷயம். வால்ஸ்கிஸின் 15 கோலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிட்ஃபீல்டர் ரஃபேல் கிரிவெல்லாரோவை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. அவர் இடது காலில் பந்தை வாங்கித் தலையை நிமிர்த்தினால் போதும், வால்ஸ்கிஸ் ஓடத் தொடங்கிவிடுவார், எங்கே வரும் என்று இருவருக்கும் தெரியும். 2020 டிசம்பரில் கிரிவெல்லாரோ கணுக்காலில் அடிபட்டு அந்த சீசனில் இருந்தே விலகினார். அந்த வருடம் 20 ஆட்டத்தில் நாம் அடித்தது மொத்தமே 17 கோல். 11 ஆட்டம் டிரா. எல்லாரும் சில்வெஸ்டரையும் இஸ்மாவையும் திட்டினார்கள், நானும் திட்டினேன். இப்போது யோசித்தால் அது நியாயம் இல்லை. பந்தே வராத இடத்தில் நிற்கிறவன் என்ன செய்வான்? ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் பத்து கெஜம் தள்ளி நின்று பாக்ஸுக்குள் பந்து அனுப்ப ஒருவர் வேண்டும், இரு பக்கமும் விங்கர்கள் கோட்டோரம் ஓடி கிராஸ் போட வேண்டும். 34 வயதுக்காரர் எதிர் டிஃபெண்டர்களை விரட்டிக்கொண்டு ஓட மாட்டார், அந்த ஓட்டத்தை அவருக்காக இன்னும் இரண்டு பேர் ஓட வேண்டும். அவர்களுக்கு இடம் இல்லாமல் காசு முழுவதையும் ஒன்பதாம் நம்பரில் கொட்டினால், வெறும் அடுப்பில் பெரிய பானையை ஏற்றியது மாதிரிதான்.

களத்தில் ஒரு நேரத்தில் நாலு வெளிநாட்டு வீரர்கள்தான் நிற்கலாம் என்று 2021-22-இல் விதி வந்த பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. ஒரு இடம் ஸ்ட்ரைக்கருக்கு, ஒரு இடம் பின்னால் நிற்கும் சென்டர் பேக்குக்கு. மீதி இரண்டு. அதில் ஒன்றாவது அவருக்குப் பந்து கொடுக்கிறவருக்குப் போக வேண்டும். 2024-25-ஐப் பாருங்கள். வில்மார் கோல் அடிக்காமல் இல்லை, கானர் ஷீல்ட்ஸ் பந்து அனுப்பாமலும் இல்லை. முன்னால் ஓரளவு சரியாகவே இருந்தது. பின்னால் ஒழுகியது. 13 அணிகளில் 11-ஆம் இடம். ஆகவே ஸ்ட்ரைக்கர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் நம்பவும் வேண்டாம்.

சரி, வயது. இந்த லீக்கில் வயதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விதமான ஆட்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2017-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் திமிதார் பெர்பட்டோவை 36 வயதில் கூட்டி வந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடியவர், பந்தைத் தொட்டாலே அழகு. 9 ஆட்டம், 1 கோல். 2015-இல் முதல் ஆட்டத்துக்குக் கொல்கத்தா நம் ஸ்டேடியத்துக்கு ஹெல்டர் போஸ்டிகாவைக் கூட்டி வந்தது. இரண்டு கோல் அடித்தார், நம்மை 3-2 என்று தோற்கடித்தார், அதே ஆட்டத்தில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் வரவே இல்லை. பெரிய பெயருக்குக் கொடுத்த காசு ஒரு சாயங்காலத்தோடு முடிந்தது. இதைப் பார்த்தவர்கள் வயதான ஸ்ட்ரைக்கர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள்.

ஆனால் ஃபெரான் கோரோமினாஸ் 34 வயதில் கோவாவுக்கு வந்தார். முதல் சீசனில் 18, அடுத்து 16, அடுத்து 14. மூன்று வருடத்தில் 48 கோல். பார்தலோமியு ஓக்பெச்சே 37 வயதில் ஹைதராபாத்துக்காக 18 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார், அந்த வருடம்தான் ஹைதராபாத் கோப்பையையும் வென்றது. இந்த லீக்கில் அவர் மொத்தக் கணக்கு 63 கோல். பெர்பட்டோவுக்கும் கோரோவுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், ஒருவரைப் பெயருக்காகக் கூட்டி வந்தார்கள், இன்னொருவரை வேலைக்காகக் கூட்டி வந்தார்கள். கோரோவை ஸ்பெயினின் எஸ்பான்யோல் கிளப் ரசிகர்களைத் தவிர இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கோவா அவரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது, அவரைச் சுற்றியே அணியைக் கட்டியது. நம் கதையில் இல்லாத விஷயம் அது. விமான நிலையத்தில் மாலை போட்டுப் படம் எடுக்கிற ஆள் நமக்கு வேண்டாம். கடைசி இரண்டு சீசனில் எத்தனை ஆட்டம் முழு 90 நிமிடம் ஆடினார், தொடையும் முழங்காலும் எப்படி இருக்கிறது, இந்தப் பருவநிலையில் ஆடியிருக்கிறாரா என்று பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நேரு ஸ்டேடியத்தில் கேலரியில் சும்மா உட்கார்ந்திருக்கிற எங்களுக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. குளிர்நாட்டில் இருந்து ஆகஸ்ட் கடைசியில் இறங்குகிறவர் என்ன செய்வார், பாவம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. 2025 ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது, ஆகஸ்டில் நம் கிளப் செயல்பாடுகளை நிறுத்திவைக்கும் நிலைக்கு வந்தது. அந்த நாட்களில் ஸ்ட்ரைக்கர் யார் என்ற கவலையே எங்களுக்கு இல்லை, கிளப் இருக்குமா என்பதுதான் கவலை. வீரர்கள் மட்டும் இல்லை, சட்டை துவைக்கிறவர், மசாஜ் செய்கிறவர், பஸ் ஓட்டுகிறவர் வரை எத்தனை குடும்பம் அதில் இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தோம். அதனால் கடன் வாங்கியாவது எடுங்கள் என்று சொல்கிற ரசிகன் நான் இல்லை. மாதாமாதம் தேதி தவறாமல் சம்பளம் போட முடியாத கிளப் எந்த வயதுக்காரரையும் எடுக்கக் கூடாது. ஆனால் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் இரண்டு ஸ்ட்ரைக்கரை எடுத்து, ஒருவரை ஜனவரியில் பாதிக் கணக்குத் தீர்த்து அனுப்பி, இன்னொருவரை அவசரத்தில் கூட்டி வருவதும் செலவுதான். சில்லறையாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த வயது வீரர்களுக்குப் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் தொகை கிடையாது, பழைய ஒப்பந்தம் முடிந்து சும்மா வருகிறவர்கள், மொத்தச் செலவும் சம்பளம்தான். உறுதித் தொகையைக் கொஞ்சம் குறைத்து ஆடும் ஆட்டத்துக்கும் கோலுக்கும் சேர்த்துக் கொடுங்கள், இத்தனை ஆட்டம் ஆடினால் இரண்டாவது வருடம் தானாக நீளும் என்று எழுதுங்கள். உடம்பு சரியாக இருக்கிற ஆள் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காத ஆளைப் பற்றி அதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியில் இருந்து வருகிறவரைப் பற்றி. எனக்கு இதைவிட முக்கியமானது அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவன்.

2022-இல் பெங்களூரு எஃப்சி ராய் கிருஷ்ணாவை எடுத்தது. ஃபிஜிக்காரர், அந்த ஆகஸ்டில் அவருக்கு 35 முடிந்தது, மலிவான ஆளும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தினார்கள் தெரியும்தானே? சிவசக்தி நாராயணன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூர்ப் பையன். டுராண்ட் கோப்பை இறுதியில் கோல் அடித்தான், ஐஎஸ்எல்லில் அந்த சீசனின் வளரும் வீரர் விருதை வாங்கினான். இறுதி ஆட்டத்தில் சுனில் சேத்ரியையே பெஞ்சில் உட்கார வைத்து ராய் கிருஷ்ணாவோடு சிவசக்தியைத்தான் களத்தில் இறக்கினார்கள். அவன் தொடங்கிய சில நிமிடத்தில் அடிபட்டு வெளியே வந்தது வேறு விஷயம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்து ஸ்ட்ரைக்கர் ஒருவன் வயதில் மூத்த வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரின் தோளோடு தோள் நின்று தொழில் கற்றிருக்கிறான், அது நம் நீலச் சட்டையில் நடக்கவில்லை. அந்த இறுதியை நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

விலை கூடிய ஸ்ட்ரைக்கர் வந்தால் இந்தியப் பையனின் இடம் போய்விடும் என்று சொல்கிறார்கள். போகும், அவரை மட்டும் தனியாக முன்னால் நிறுத்தினால். நாட்டில் இப்போது நடப்பதே அதுதான். எல்லாக் கிளப்பும் ஒன்பதாம் நம்பரை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, கோல் அடிக்கத் தெரிந்த பையனை விங்குக்குத் தள்ளுகிறது. அதனால்தான் 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில் 40 வயதில் திரும்பவும் இந்திய அணிக்குக் கூப்பிட வேண்டி வந்தது. நம்மிடமே பாருங்கள், ரஹீம் அலி ஸ்ட்ரைக்கராக வந்தவன், ஓரத்தில்தான் பாதி காலம் ஓடினான். ஜேஜே போன பிறகு நம் அணியில் அந்த இடத்தைத் தன் இடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு இந்தியப் பையன் வரவில்லை. இர்ஃபான் யாட்வாட் வந்தபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது, அந்த மாதிரி ஆளுக்குத்தான் பக்கத்தில் ஒரு மூத்தவர் வேண்டும் என்கிறேன். இரண்டு பேரை முன்னால் நிறுத்துங்கள், இல்லை என்றால் 60-ஆவது நிமிடத்துக்கு மேல் மூத்தவரை இறக்கிவிட்டு இளையவனை ஏற்றுங்கள். 34 வயதுக்காரருக்கும் அது நல்லது, பெஞ்சில் இருக்கும் பையனுக்கும் வாரம் தவறாமல் அரை மணி நேரம் கிடைக்கும்.

நம் ஊரில் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் கோவாவோடு நடந்த அரையிறுதி, நேரு ஸ்டேடியம், 3-0. ஜேஜே இரண்டு, இன்னொன்று தன்பால் கணேஷ் தலையால் முட்டியது. வியாசர்பாடிப் பையன். அந்தக் கோல் விழுந்தபோது எங்கள் வரிசையில் இருந்த வியாசர்பாடிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் எழுந்து "நம்ம கணேஷ்டா" என்று கத்தினார்களே, அந்த மாதிரிச் சத்தத்தை எலானோவுக்கும் கேட்டதில்லை, மென்டோசாவுக்கும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம் நாற்பது பையன்கள் ஆடுகிறார்கள். மண் தரை, ஒரு போஸ்ட்டுக்கு வலையே இல்லை, பந்து ஒவ்வொரு தடவையும் சுவர் வரை ஓடும். நீ என்ன பொசிஷன் என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் விங்கர் என்கிறான். பாக்ஸுக்குள் முதுகைக் காட்டி நின்று, பின்னால் ஒருவன் இடித்துக்கொண்டே இருக்க, பந்தை அடக்கித் திரும்பி அடிக்கிற வேலையை அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. டிவியில் அது தெரியாது. டிவி பந்தைத்தான் காட்டும், பந்து வருவதற்கு முன்னால் ஸ்ட்ரைக்கர் இரண்டு அடி பின்னால் போய் ஒரு அடி முன்னால் வருவதைக் காட்டாது.

ஆகவே அந்த மூத்தவரின் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கிறேன். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், கிளப்பின் இளையோர் அணி ஸ்ட்ரைக்கர்களோடு அவர் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். கோரோ, வால்ஸ்கிஸ் போன்றவர்கள் தலைக்குள் வைத்திருப்பதில் ஒரு பங்காவது இங்கே தங்கினால், அவருக்குக் கொடுத்த சம்பளம் அவர் போன பிறகும் வேலை செய்யும். அவர் யாராக இருந்தாலும் ஜூலையிலேயே வந்து சேரட்டும், சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது வேண்டாம்.

அப்படி அவர் வந்ததும், முதல் பதினைந்து நாளுக்குள் ஒரு நாள் பயிற்சிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். வியாசர்பாடி, பெரம்பூர், காசிமேடு, புளியந்தோப்புப் பையன்கள் வந்து கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். கேலரி வேண்டாம், அங்கே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போஸ்ட்டுக்குப் பின்னால். என் அக்கா மகனை நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
2014-இல் இருந்து வந்துகொண்டிருக்கும்
ஒரு பெரம்பூர் ரசிகன்